ஆக்சிலரேட்டருக்குப் பூட்டுப் போடலாமா?

தீபாவளி வந்தால் போதும். பொங்கல் வந்தால் போதும். சென்னையிலிருந்து தெற்கே ஒரு பெரும் படையே கிளம்பி விடும்!

ரெயிலில் இடம் கிடைக்காது. பஸ்சில் கால் வைக்க முடியாது. "நமக்கென்ன, வண்டி இருக்கிறதே!" என்று மோட்டார் சைக்கிளில் ஏறி உட்காருகிறவர்கள் ஏராளம். முதுகில் ஒரு பை. பின்னால் ஒரு மூட்டை. சிலருக்குப் பின் இருக்கையில் மனைவியும் உண்டு.

செங்கல்பட்டு போகிறது. மேல்மருவத்தூர் போகிறது. திண்டிவனம் வருகிறது. சென்னையிலிருந்து இது சுமார் 120 கிலோ மீட்டர். இங்கே வரும்போதே வலது கை மணிக்கட்டு "விண் விண்" என்று வலிக்கத் தொடங்கி விடும். விழுப்புரம் போய்ச் சேர இன்னும் சுமார் 40 கிலோ மீட்டர். திருச்சிக்குப் போகிறவருக்கோ இன்னும் 200 கிலோ மீட்டர்!

"இந்தக் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வழி இல்லையா?"

இருக்கிறது. கடையில் விற்கிறார்கள். ஆக்சிலரேட்டரைத் திருகிய இடத்திலேயே நிறுத்தி வைக்கும் பூட்டு அது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சாமானும் இருக்கும். குளிர் காலத்தில் கைக்கு இதமாகச் சூடேறும் கைப்பிடி!

விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. பல ஆயிரம் வரை போகிறது. வாங்கலாமா? யார் வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்குவது? இதில் காசு மட்டும் அல்ல, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகவே கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கை ஏன் வலிக்கிறது?

மாட்டு வண்டி ஓட்டுகிறவர் கயிற்றைத் தளர விட்டாலும் மாடு நடந்து கொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிள் அப்படி அல்ல. வலது கைப்பிடியைத் திருகிப் பிடித்துக் கொண்டிருக்கும் வரைதான் அது ஓடும். கையை எடுத்தால் கைப்பிடி பழைய இடத்துக்குத் திரும்பி விடும். என்ஜின் சத்தம் அடங்கி விடும்.

காரணம் என்ன? உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது கைப்பிடியைத் திரும்பத் திரும்பப் பின்னால் இழுக்கிறது. அந்த இழுப்பை எதிர்த்து நம் கை வேலை செய்கிறது. ஐந்து நிமிடம் என்றால் தெரியாது. இரண்டு மணி நேரம் ஒரே கோணத்தில் பிடித்தால் தெரியும்! இதோடு என்ஜினின் அதிர்வும் சேர்ந்து கொள்கிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. மணிக்கட்டின் வழியாக விரல்களுக்குப் போகும் நரம்பு அழுத்தப்படுகிறது.

அப்படியானால் அந்த ஸ்பிரிங் நமக்கு எதிரியா?

இல்லை. அதுதான் நமக்குக் காவல்காரன்! வண்டி சறுக்குகிறது, ஓட்டுகிறவர் கீழே விழுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கை விலகிய உடனே என்ஜின் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி சீறிக் கொண்டு போய் இன்னொருவர் மேல் மோதும். அந்த ஆபத்தைத் தடுப்பது இந்தச் சிறிய ஸ்பிரிங்தான்.

ஆக்சிலரேட்டர் பூட்டு என்ன செய்கிறது? அந்தக் காவல்காரனின் கையைக் கட்டி வைக்கிறது. இதை மனதில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

கண் தெரியாதவர் கண்ட வழி!

கைக்கும் காலுக்கும் ஓய்வு கொடுக்கும் எண்ணம் புதிது அல்ல. பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் கைப்பிடியின் அடியில் ஒரு சிறு திருகு இருந்தது. அதை இறுக்கினால் கைப்பிடி சற்றே கனத்து, விட்ட இடத்தில் நிற்கும். இன்றைய பூட்டுகளுக்கு அதுதான் தாத்தா!

காருக்கு வந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் கதை இன்னும் சுவையானது. அதைக் கண்டுபிடித்தவர் ரால்ப் டீட்டர் என்ற அமெரிக்க என்ஜினீயர். சிறு வயதிலேயே ஒரு விபத்தில் அவர் பார்வையை இழந்தவர். கார் ஓட்டவே முடியாத அவர், மற்றவர் ஓட்டும் காரில் உட்கார்ந்து போவார். அவருடைய வக்கீல் பேசிக் கொண்டே ஓட்டும்போது வண்டி விட்டு விட்டுப் பாயுமாம். அந்தத் தொல்லையில்தான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள்.

1950-ம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் அந்தக் கருவியைத் தன் கார்களில் வைத்து விற்றது.

இன்று அது மோட்டார் சைக்கிளுக்கும் வந்து விட்டது. நம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனம் 2023-ம் ஆண்டில் கொண்டு வந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வண்டியில் இந்த வசதி உண்டு. 2025-ம் ஆண்டில் ஹீரோ நிறுவனம் 125 சி.சி. வண்டியான கிளாமர் எக்சிலும் இதைக் கொண்டு வந்தது.

நாலு வகை

கடையில் "கைக்கு ஓய்வு" என்று கேட்டால் நாலு வகைச் சாமான்களைக் காட்டுவார்கள். எல்லாம் ஒன்று என்று நினைத்து விடாதீர்கள்.

முதல் வகை, உள்ளங்கைத் தாங்கி. இது பூட்டே அல்ல. கைப்பிடியில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. விரலால் இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் லேசாக அழுத்தினாலே ஆக்சிலரேட்டர் திறக்கும். கையை எடுத்தால் மூடிக் கொள்ளும். காவல்காரன் தன் வேலையைச் செய்து கொண்டே இருப்பான்.

இரண்டாவது, ரப்பர் வளையம். கைப்பிடிக்கும் அதன் முனைக் குண்டுக்கும் நடுவே இதைத் தள்ளி விட்டால், உராய்வில் கைப்பிடி நிற்கும். மலிவானது. ஆனால் எவ்வளவு இறுகும் என்பது நம் கையில் இல்லை. வெயிலிலும் மழையிலும் அதன் பிடி மாறும்.

மூன்றாவது, உலோகப் பூட்டு. கட்டை விரலால் ஒரு பொத்தானைத் தட்டினாலோ, முனையில் உள்ள மரையைச் சற்றுத் திருகினாலோ கைப்பிடி நிற்கும். நல்ல பூட்டாக இருந்தால், பூட்டியிருக்கும்போதே கையால் பின்னால் திருகினாலும் வழி விடும்.

நாலாவது, முன்னே சொன்ன மின்சாரக் கட்டுப்பாடு. இது வண்டியோடு வருவது. பிரேக்கைத் தொட்டால் போதும். தானாக விலகிக் கொள்ளும்.

நாலாவதுக்கும் முந்திய இரண்டு பூட்டுகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மின்சாரக் கட்டுப்பாடு வேகத்தைப் பிடித்து வைக்கிறது. பூட்டு கைப்பிடியை மட்டுமே பிடித்து வைக்கிறது! மேம்பாலம் ஏறும்போது வேகம் குறையும். இறங்கும்போது நீங்கள் கேட்காமலே வேகம் கூடும். பிரேக்கைப் பிடித்தாலும் பூட்டு விலகாது. ஒரு பக்கம் பிரேக் நிறுத்தப் பார்க்கும். மறு பக்கம் என்ஜின் தள்ளிக் கொண்டிருக்கும்!

ஒரு நொடிக்கு ஒரு ரெயில் பெட்டி

நாலு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-ம் ஆண்டில் வகுத்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் பாயும். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும் பழைய நீல நிற ரெயில் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதன் நீளம்!

கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும். அதற்குள் ஒரு பெட்டி தூரம் போயாயிற்று. பூட்டை நினைவு வைத்து விடுவிக்க இன்னொரு நொடி ஆனால், இரண்டு பெட்டி! பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

இனித் திண்டிவனம் விழுப்புரம் சாலையை நினைத்துப் பாருங்கள். முன்பு 45-ம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றிருந்த பெரிய சாலை இது. ஊருக்குப் பழையவர்கள் இன்றும் "டிரங்க் ரோடு" என்பார்கள். பார்க்க அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழி நெடுகக் கிராமங்கள். கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் திரும்புகிறார்கள். விக்கிரவாண்டியில் சுங்கச் சாவடி. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை. கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் மலை போலப் பாரம் ஏற்றிக் கொண்டு ஆமை வேகத்தில் போகும். பின்னால் விளக்கு இல்லாத டிராக்டர் இருட்டில் கண்ணுக்கே தெரியாது.

இவை போதாதா? நடுத்திட்டு இடைவெளியில் ஒரு பசுமாடு நிற்கும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளோடு குறுக்கே வருவார்கள். எதிர்த் திசையில் ஒரு மொபெட் வரும்!

முண்டியம்பாக்கத்தில் இந்தச் சாலையோரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் ஊருக்குப் போகிற வழியில் அங்கே இறங்குகிற நிலை யாருக்கும் வர வேண்டாம்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 100-க்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். இந்தச் சாலைக்கு உள்ளங்கைத் தாங்கி போதும். பூட்டு வேண்டாம்.

"இல்லை, நான் போகிற சாலை வேறு. ஆள் நடமாட்டமே இல்லாத நீண்ட சாலை" என்பவர்கள் பூட்டு வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது?

கடைக்குப் போகிறீர்கள். "அண்ணே, இந்தப் பூட்டு எப்படி?" என்று கேட்கிறீர்கள்.

"மாட்டிப் பாருங்க தம்பி. அசையவே அசையாது!" என்கிறார் அவர்.

இந்தப் பதிலைக் கேட்டதும் நன்றி சொல்லி விட்டு வெளியே வந்து விடுங்கள்! அசையாத பூட்டு வீட்டுக் கதவுக்குத்தான் நல்லது. ஆக்சிலரேட்டர் பூட்டு, கை சற்றே திருப்பினால் அசைய வேண்டும்.

மாட்டியபின் நாலு சோதனை செய்யுங்கள். என்ஜினை அணைத்து விட்டே செய்யலாம்.

ஒன்று: பூட்டி விட்டுக் கைப்பிடியைப் பின்னால் திருகுங்கள். பொத்தானைத் தேடாமலே அது முழுவதும் மூட வேண்டும்.

இரண்டு: பூட்டை விடுவியுங்கள். கைப்பிடியைத் திருகி விட்டு விடுங்கள். "டக்" என்று தானாகத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் பூட்டு எங்கோ உரசுகிறது.

மூன்று: ஹாண்டில்பாரை முழுவதும் இடது பக்கம், பிறகு வலது பக்கம் திருப்பி இதே சோதனையைச் செய்யுங்கள்.

நாலு: முன் பிரேக்கை முழுவதும் பிடியுங்கள். பிரேக் பிடி பூட்டின் மேல் இடிக்கக் கூடாது.

இவற்றில் ஒன்று தவறினாலும் பூட்டைக் கழற்றி விடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஊருக்குள்ளே, மழையில், இருட்டில், போக்குவரத்து உள்ள இடத்தில் பூட்டக் கூடாது. பூட்டியிருக்கும்போது கை கைப்பிடி மேலேயே இருக்க வேண்டும். விரலை நீட்டி மடக்கலாம். அந்தக் கையால் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது!

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். எந்தக் காரணத்தாலாவது ஆக்சிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக் கொண்டால் என்ன செய்வது? கிளட்சைப் பிடியுங்கள். வலது கட்டை விரலுக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்விட்ச் உள்ள வண்டியானால் அதைத் தட்டுங்கள். என்ஜின் நின்று விடும். அந்த ஸ்விட்ச் எதற்கு என்றே தெரியாமல் பல வருஷம் வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு.

சூடேறும் கைப்பிடி யாருக்கு?

அடுத்த சாமானுக்கு வருவோம். சூடேறும் கைப்பிடி.

"விழுப்புரம் வெயிலில் இது எதற்கு? கைப்பிடி தானாகவே சூடாகத்தானே இருக்கிறது!" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. உண்மைதான். மார்கழி விடியற்காலையில்கூட நம் பக்கத்தில் இதற்கு வேலை இல்லை. பனி நேரத்தில் ஒரு கையுறை போட்டால் போதும்.

ஆனால் இப்போது நம் இளைஞர்கள் ஊட்டிக்குப் போகிறார்கள். கொடைக்கானல் போகிறார்கள். சிலர் லடாக் வரைக்கும் போகிறார்கள்! அங்கே உள்ள கர்துங்லா கணவாய் கடல் மட்டத்துக்கு மேல் 5,359 மீட்டர் உயரம். உம்லிங்லா கணவாயில் எல்லைச் சாலை அமைப்பு போட்டிருக்கும் சாலை 5,798 மீட்டருக்கு மேல் போகிறது.

குளிரைக் காற்று பல மடங்காக்கும். ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி போல இருக்கும். வானிலை நிபுணர்களின் கணக்கு இது.

குளிரில் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் விறைக்கிறது. மலைப் பாதை இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டியதும் அதே விரல்கள்தான்! அப்போது சூடேறும் கைப்பிடி சொகுசுச் சாமான் அல்ல. உயிர் காக்கும் சாமான்.

இஸ்திரிப் பெட்டியின் தம்பி!

இது எப்படிச் சூடாகிறது? மின்சார இஸ்திரிப் பெட்டி சூடாவது போலத்தான். கைப்பிடியின் ரப்பருக்குள் மெல்லிய கம்பி ஓடுகிறது. அதில் மின்சாரம் பாயும்போது சூடு பிறக்கிறது.

இரண்டு கைப்பிடிக்கும் சேர்த்து 36 வாட் என்று வைத்துக் கொள்வோம். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 3 ஆம்பியர் போகும். பல பழைய வண்டிகளின் முகப்பு விளக்குக்கு வேண்டிய மின்சாரம் இது! சின்ன வண்டிக்கு இது சுமை. ஆகவே வாங்குமுன் உங்கள் வண்டியால் இதைத் தாங்க முடியுமா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்விட்ச் உள்ளதை வாங்குங்கள். பியூஸ் கட்டாயம் வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தால் கைப்பிடியும் அணையும்படி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரவு மறந்து விட்டால், காலையில் மலை மேலே பாட்டரி செத்துக் கிடக்கும்!

வலது கைப்பிடிக்கு வரும் ஒயரைத் தனியாகக் கவனியுங்கள். கைப்பிடி திருகும்போது அந்த ஒயரும் சேர்ந்து அசையும். அது எங்காவது மாட்டிக் கொண்டால் ஆக்சிலரேட்டர் மூடாது. நீங்கள் வாங்காத பூட்டு உங்களுக்குக் கிடைத்து விடும்! முன்னே சொன்ன இரண்டாவது, மூன்றாவது சோதனைகளை இதற்கும் செய்யுங்கள்.

சர்க்கரை நோயால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சூடு அதிகமானது தெரியாமலே தோல் புண்ணாகலாம். குறைந்த சூட்டில், கையுறையோடு மட்டும் பயன்படுத்த வேண்டும். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊட்டிக்குப் போகிறவருக்கு இவ்வளவு செலவு வேண்டாம். காற்றுப் புகாத நல்ல கையுறையும், ஹாண்டில்பாருக்கு முன்னால் மாட்டும் கைக்காப்பும் போதும். மலை ஊரில் தினமும் வண்டி ஓட்டுகிறவரும், லடாக் போகிறவரும் தாராளமாக வாங்கலாம்.

காசில்லாத வைத்தியம்

கை வலிக்கு மருந்து எல்லாமே கடையில் இல்லை. வீட்டு வாசலிலேயே சில உண்டு.

ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாள் ஆயிற்று? காய்ந்து போன கேபிளை இழுக்கத்தான் பாதி வலி. மெக்கானிக்கிடம் விட்டு எண்ணெய் போடச் சொல்லுங்கள். நைந்திருந்தால் மாற்றி விடுங்கள்.

பிரேக், கிளட்ச் பிடிகள் சரியான சாய்வில் இருக்கின்றனவா? இருக்கையில் உட்கார்ந்து விரலை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினால் வலிக்கும். ஒரு ஸ்பானர் இருந்தால் சில நிமிட வேலை.

கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பயந்தவர்தான் இறுக்கிப் பிடிப்பார். தோளைத் தளர்த்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். திண்டிவனத்தில் ஒரு டீ. விழுப்புரத்தில் ஒரு டீ. கையை உதறுங்கள். நாலு அடி நடங்கள். கைக்கு மட்டும் அல்ல, கண்ணுக்கும் அதுதான் ஓய்வு. எந்தப் பூட்டும் தூக்கத்தை விரட்டாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்கே வந்துகிட்டு இருக்கே? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று போனில் அவசரப்படுத்தாதீர்கள். "மெதுவா வாப்பா. சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லுங்கள். அடுத்த டீக்கடையில் அவர் நிம்மதியாக வண்டியை நிறுத்துவார்.